தாயில்பட்டி ஏழு பேர்

சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து மூன்று நாள் ஓட்டிக்கொண்டே வீடு திரும்புவது என்று வினோலியா முதன்முதலாகச் சொன்னபோது, அவள் புருஷன் ஆல்பின் செய்தித்தாளை இறக்கிவிட்டு, "அதுக்கு ரயில்ல போயி ரயில்லயே வந்தா என்ன?" என்று கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார், நியாயமான கேள்விதான். பதில் வைத்துக்கொண்டா மனுஷர்கள் ஆசைப்படுகிறார்கள்?

அவளுக்கு நாற்பத்தாறு வயது. விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். பத்தொன்பது வருஷமாக அதே எட்டுக் கட்டில்கள். பட்டாசுக் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கிற பக்கத்தில் அந்த எட்டும் எப்போது நிறையும், எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகையால் அவளுடைய லீவெல்லாம் காகிதத்தில் மட்டும் சேர்ந்துகொண்டே போனது. சூலக்கரையில் இருக்கும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில்தான் வருவாள். ஆல்பின் ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தார். அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று ஒதுக்கிவிட்டாள். சைக்கிளில் போகிற அந்த இருபது நிமிஷம்தான் ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது.

பைரோஜா சிவகாசிக்காரி. புருஷன் யூசுப்புக்கு ஆப்செட் ப்ரெஸ். ஆர்டர் பிடிப்பதும் ஆட்களை ஏவுவதும் மேய்ப்பதும் பைரோஜாதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மாமியார் அடுப்பில் சேலை பற்றி நாற்பது நாள் அந்த வார்டில் கிடந்தார். கிழவி பிழைத்து வீட்டுக்குப் போனது. பைரோஜா மட்டும் வினோலியாவை விட்டுப் போகவில்லை. நோன்புக் கஞ்சி இங்கே வரும், கிறிஸ்துமஸ் கேக் அங்கே போகும். மகன் பெங்களூருக்குப் போகும்போது விட்டுவிட்டுப்போன கியர் சைக்கிளை எடுத்து, வினோலியா கூட வருவாள் என்ற ஒரே தைரியத்தில் பைரோஜாவும் ஞாயிறு சாயங்காலங்களில் ஆமத்தூர் வரைக்கும் மிதிக்கத் தொடங்கினாள்.

வார்டின் பெரிய டாக்டர் பாண்டிமீனா. கெட்டிக்காரி, அதில் சந்தேகம் இல்லை. கையெழுத்து மட்டும் கோழி கிளறியது. மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வினோலியாவுக்குத்தான் போன் போடுவார். அந்த டாக்டருக்கு பைரோஜாவை அறிமுகம் செய்துவைத்ததும் வினோலியாதான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக் காலண்டர், மருந்துச்சீட்டு எல்லாம் யூசுப் ப்ரெஸ்ஸில்தான் ஓடியது.

இந்த மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். இனி அந்தத் தாளுக்கு வரலாம்.

ப்ரெஸ்ஸில் நிறம் பிசகிப்போன காலண்டர் தாள் ஒன்று. முன்பக்கம் முருகனுக்கு முகமெல்லாம் ஊதா. பின்பக்கம் நல்ல வெள்ளை, ஒரு மேசை அகலம். அதை விரித்துப் போட்டுக்கொண்டு வினோலியா இரண்டு வருஷம் வழி போட்டாள். வார்டில் காய்ச்சல் கோடு போடுகிற அதே பேனாக்கள்தான். லாரி ஓடுகிற ரோட்டுக்குச் சிவப்பு, ஆள் அரவம் இல்லாத ரோட்டுக்கு நீலம். தெரிந்தவர், தெரியாதவர், வார்டுக்கு நோயாளியைப் பார்க்க வந்த தென்காசிப் பக்கத்து ஆட்கள், ஒருவரையும் விடவில்லை. "உங்க ஊரு கம்மாக்கரை ரோட்டுல தார் இருக்கா? நிழல் இருக்கா? பஞ்சர் கடை எங்கன இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு எழுதுவாள்.

யோசனை லேசுப்பட்டதில்லை. சைக்கிளை பார்சல் ஆபீஸில் போட்டு, அட்டையில் பேரும் போகிற ஊரும் எழுதிக் கட்டி, ரயிலின் சாமான் பெட்டியில் ஏற்ற வேண்டும். இரண்டு நிமிஷம் நிற்கிற ஸ்டேஷனில் யார் அதை இறக்குவார்கள்? அதனால்தான் செங்கோட்டையைத் தேர்ந்தெடுத்தாள். "அதுதான் கடைசி ஸ்டேசன் ரோஜா. நாம இறக்கி முடிக்காம ரயிலு எங்கன போயிரும்?" என்றாள். பைரோஜா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கிருந்து மலையடிவாரத்தை ஒட்டியே வடக்கே வர வேண்டும். பண்பொழி, வடகரை, கடையநல்லூரில் பைரோஜாவின் பெரியம்மா வீடு, அப்புறம் புளியங்குடி எலுமிச்சைத் தோப்புகள், ராஜபாளையம், வீடு. ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. பெரிய ரோட்டில் ஏறவே கூடாது. வேலைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி வேன்கள் பறக்கிற காலை ஏழு மணிக்கு எந்தக் கம்பெனி ரோட்டிலும் இருக்கக் கூடாது. இத்தனையும் அந்த ஊதா முருகனின் முதுகில் இருந்தது.

பொங்கல் கழிந்து, ஜனவரி இருபத்தேழாம் தேதி என்று நாள் குறித்தார்கள். வினோலியா லீவு எழுதிக் கொடுத்தாள், டாக்டரும் சிரித்த முகமாகத்தான் கையெழுத்துப் போட்டார். அன்று காலை விருதுநகர் ஸ்டேஷனில் சைக்கிள்களுக்கு அட்டை கட்டியாயிற்று. ரயில் வர அரை மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பைரோஜா கொண்டுவந்த இடியாப்பத்தைப் பிரிக்கும்போது வினோலியாவின் போன் அடித்தது.

"சிஸ்டர், தாயில்பட்டிப் பக்கம் விபத்து. ஏழு பேர். கேஸ் வருது" என்றார் டாக்டர்.

அந்தப் பக்கத்தில் விபத்து என்ற வார்த்தைக்கு மறுகேள்வி கிடையாது. எந்தக் கம்பெனி, எந்த ரூம், யார் சொன்னது என்றெல்லாம் ஒருத்தரும் கேட்பதில்லை. ஆம்புலன்ஸ்காரர் கேட்க மாட்டார், ரத்தம் கொடுக்க வருகிறவர் கேட்க மாட்டார், வினோலியாவும் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. "வாரேன் டாக்டர்" என்று எழுந்துவிட்டாள். கையில் இடியாப்பம் ஒட்டியிருந்தது.

"நீ ஓடு வினோ. உசுருதான முக்கியம்? சைக்கிள நான் பாத்துக்கிறேன்" என்றாள் பைரோஜா. அவள் கண் கலங்கியிருந்ததை வினோலியா பார்த்தாள். நமக்காக எம்புட்டு வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோ ஏறினாள்.

வார்டில் உதவிக்கு இருக்கும் பொன்னுத்தங்கமும் அவளுமாக எட்டுக் கட்டிலுக்கும் வெந்நீரில் அவித்த விரிப்பு போட்டார்கள். சலைன் தொங்கவிட்டு, துணி வெட்டி, களிம்பு எடுத்து வைத்து, ஜன்னல் பக்கம் நின்றார்கள். பதினொன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஒரு வண்டியும் வரவில்லை. மூன்று மணிக்கு டாக்டர் வந்து, "நேரா மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்க சிஸ்டர். லைசென்ஸ் இல்லாத எடம். வெளிய பேசாதீங்க" என்றார். லைசென்ஸ் இல்லாத இடத்து விபத்து செய்தித்தாளில் வராது. கரி பிடித்த சுவருக்கு மறுநாளே வெள்ளை அடித்துவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். "நானும் மதுரைக்குப் போறேன். மீட்டிங்கும் இருக்கு. மூணு நாளாகும். இங்க இன்னும் யாரும் வந்தாலும் வரலாம். நீங்க இருந்தீங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார் டாக்டர். வினோலியா மூன்று நாளும் இருந்தாள்.

அந்த ஏழு பேர் யாரென்று அவளுக்குத் தெரியாது. பிழைத்தார்களா என்றும் தெரியாது. பைபிளில் ஒரு துண்டுச்சீட்டு வைத்து, 'தாயில்பட்டி ஏழு பேர்' என்று எழுதிக்கொண்டாள். வீட்டில் சாயங்கால ஜெபத்தில் தினமும் அந்த ஏழு பேருக்காகவும் கேட்பாள். ஆல்பின் ஆமென் சொல்வார். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. நோன்பு நேரத்தில் பைரோஜாவிடம் இதைச் சொன்னபோது அவள், "நானும் துஆ கேக்குறேன் வினோ" என்றாள்.

ஜூலையில் மறுபடியும் நாள் குறித்தார்கள். "இந்தத் தடவை காத்து நம்ம பக்கம்" என்றாள் வினோலியா. அந்த மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும், முதுகைப் பிடித்துத் தள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தாள் பைரோஜாவிடம்தான் இருந்தது. அதை அவள் ப்ரெஸ்ஸில் கொடுத்துப் பளபளவென்று லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வினோலியா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். தன் கிறுக்கலை ஒருத்தி இத்தனை மதித்து வைத்திருக்கிறாளே! "நீ மிதி, வழிய நான் சொல்றேன். இந்தத் தாளு எங்கிட்டயே இருக்கட்டும்" என்று பைரோஜா அதைச் சுருட்டித் தன் பையில் செருகிக்கொண்டாள்.

இந்தத் தடவை ஸ்டேஷனில் போன் அடிக்கவில்லை. ரயில் சிவகாசி தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, ராஜபாளையத்தில் மலை பக்கத்தில் வந்தபோது வினோலியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் இறங்கி ஓடிப்போய் சாமான் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். செங்கோட்டையில் அவள் சொன்னபடியே நடந்தது. ரயில் எங்கேயும் போகவில்லை. போர்ட்டர் இரண்டு சைக்கிளையும் சாவகாசமாக இறக்கிக் கொடுத்தார்.

முதல் நாள் குற்றாலத்துச் சாரலில் நனைந்தார்கள். இரண்டாம் நாள் பண்பொழி ரோட்டில் காற்று நிஜமாகவே முதுகைத் தள்ளியது. இரண்டு பக்கமும் வயல். எதிரே ஒரு பால்காரர், ஒரு மாட்டு வண்டி, அவ்வளவுதான். "ரோஜா, நான் மிதிக்கவே இல்ல பாரு! தானா போகுது!" என்று வினோலியா கால்களைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

பைரோஜா வழி சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். தாளை விரிக்காமலே சொன்னாள். "இங்கன இடது பக்கம். அந்தப் பாலம் தாண்டி ரோடு மோசம், இறங்கித் தள்ளு." வினோலியாவுக்கு ஆச்சரியம். "பாலத்துக்கு அங்கிட்டு மோசம்னு எங்கிட்ட யாருமே சொல்லலியே, உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "போன்ல பாத்தேன்" என்றாள் பைரோஜா. கடையநல்லூரில் பெரியம்மா, "மறுபடியும் சைக்கிளா?" என்று கேட்டார். பைரோஜா அவரை அவசரமாக அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆமத்தூருக்குப் போவதைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது என்று வினோலியா நினைத்தாள். நம்புகிறவர்களுக்கு எல்லாமே பொருந்திப்போகும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் புளியங்குடியைத் தாண்டி எலுமிச்சைத் தோப்புகளுக்கு நடுவே போகிற ரோட்டில் ஒரு டீக்கடை வந்தது. ஓலைக் கூரை, உட்கார இரண்டு கல், ஒரு பாய்லர். வினோலியா நிறுத்தினாள். பைரோஜா, "இங்க வேண்டாம், அடுத்த கடைக்குப் போவோம்" என்றாள். அடுத்த கடை ஏழு கிலோமீட்டர் தள்ளி என்று தாளில் எழுதியது வினோலியாதானே? அவள் சிரித்துக்கொண்டே இறங்கி, கல்லில் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே தலையைத் தூக்கியவர், பைரோஜாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "வாங்கக்கா, வாங்க! பொங்கல் கழிச்சு வந்தீகள்லா? நான் பெத்தணன், மறந்துட்டீகளா? அன்னைக்கும் இந்தக் கல்லுலதான உக்காந்தீக!" என்றார்.

"ஆள் மாறிப் பேசுறீக அண்ணாச்சி" என்றாள் பைரோஜா.

"நல்லாருக்கே! சைக்கிள்ல வந்து டீ குடிக்கிற பொம்பளையாளுக இந்த ரோட்டுல எத்தனை பேரு? கூட ஒரு அம்மா வந்தாகளே, தலையில மஞ்சத் தொப்பி, வெயிலுக்குக் கையெல்லாம் உறை போட்டுக்கிட்டு. ரெண்டு கிலோ எலுமிச்சங்கா வாங்கிட்டுப் போனாக. அவுக வரலியா?"

"அது எங்க நாத்தனா" என்றாள் பைரோஜா வினோலியாவிடம். கடைக்காரர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "பெரியம்மா வீட்டுக்கு வந்தப்ப சும்மா இங்கிட்டு ஒரு சுத்து..."

"உன் நாத்தனாவுக்கு சைக்கிள் விடத் தெரியாதே ரோஜா."

பைரோஜா டீயைக் குடிக்க ஆரம்பித்தாள். கொதிக்கிற டீ. வினோலியா எழுந்துபோய் அவளுடைய பையிலிருந்து தாளை உருவினாள். எதையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவள் அதை எடுக்கவில்லை, கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. கல்லின் மேல் விரித்தாள். செங்கோட்டை, பண்பொழி, வடகரை, எல்லாம் அவள் போட்ட நீலக் கோடு. புளியங்குடி என்று எழுதியதற்குப் பக்கத்தில், லேமினேஷனுக்கு அடியில், கறுப்பு மையில் ஒரு கிறுக்கல். வேறு யார் பார்த்தாலும் பேனா எழுதுகிறதா என்று சோதித்தது என்றுதான் நினைப்பார்கள். பைரோஜாவும் அப்படித்தான் நினைத்து அதன்மேலேயே லேமினேஷன் போட்டிருக்கிறாள்.

வினோலியா படித்தாள். 'டீ நன்றாக இருக்கிறது, நிற்கலாம்.' ஆங்கிலத்தில்தான் இருந்தது. அடியில் தேதி. அந்த அம்மாவுக்கு எதை எழுதினாலும் அடியில் தேதி போடுகிற பழக்கம். ஜனவரி இருபத்தொன்பது.

இருபத்தொன்பதாம் தேதி வார்டில் அவள் உடுத்தியிருந்த சேலைகூட வினோலியாவுக்கு ஞாபகம் வந்தது. காலியான எட்டுக் கட்டிலுக்கும் அன்றைக்கு மறுபடி விரிப்பு மாற்றினாள்.

"இது யார் எழுத்து?" என்று கேட்டாள்.

"ப்ரெஸ்ல எவனாவது கிறுக்கியிருப்பான்."

"ரோஜா, இந்த எழுத்தைப் படிச்சுத்தான் பத்தொம்பது வருசமா ஆளுகளுக்கு மருந்து குடுக்கேன்."

பெத்தணனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. பாய்லருக்குக் கரி போடுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டார். பைரோஜா டம்ளரைக் கீழே வைத்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் மறைக்கவில்லை. அந்த அளவுக்கு நல்லவள்தான்.

"அந்தம்மா காலண்டர் புரூப் பாக்க ப்ரெஸ்ஸுக்கு வந்தாக. மேசையில இந்தத் தாளு கிடந்துச்சு. பாத்துட்டு, 'அடேயப்பா, நான் ரொம்ப நாளா இப்படி ஒண்ணு போகணும்னு இருக்கேன், நாம போவோமா பைரோஜா'ன்னாக. 'வினோவும் வரும்'னேன். 'ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வார்டை விட்டுட்டுப் போக முடியுமா? வினோலியா சிஸ்டர் இருந்தாத்தான நான் நிம்மதியா போக முடியும்'னாக. இருபத்தெட்டாந் தேதி அவுக கார்லயே சைக்கிள மேல கட்டிப் போனோம்."

"காலண்டர் ஆர்டர் போயிரும்னு பயந்தியா?"

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் வினோலியா ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பாள். பிழைப்பு யாருக்குத்தான் இல்லை? பைரோஜா தலையை ஆட்டினாள்.

"இல்ல வினோ. பொய் சொல்ல மாட்டேன். அவுக என்னையப் பேரு சொல்லி, சரிக்குச் சமமா, கூட வாங்கன்னாக. என்னைய யாரு அப்படிக் கூப்பிட்டிருக்கா? உங்கூட வந்தா நான் உன் பின்னால வாரவ. அவுககூடப் போனப்ப நான்தான் வழி சொன்னேன்."

"என் வழிய."

"உன் வழியத்தான்."

காற்று தாளின் ஓரத்தைத் தூக்கியது. வினோலியா அதன்மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

"சரி, போகணும்னு ஆசை, போயிட்டீக. லீவு கெடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இருந்திருப்பேன்ல? எதுக்குடி என்னைய ஸ்டேசன் வரைக்கும் வரவச்சு, அட்டை கட்டவச்சு..."

"லீவு இல்லைன்னா நீ சண்டை போட்டிருப்ப. ரெண்டு வருசமா காத்துக்கிடந்த. வேலைய எழுதிக் குடுத்துட்டாவது கிளம்பியிருப்ப. அந்தம்மாவும் லீவு குடுத்துட்டாக, பெறகு எப்படி நிறுத்துறதுன்னு எங்கிட்ட கேட்டாக."

"உங்கிட்டயா?"

பைரோஜா எலுமிச்சைத் தோப்பின் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கு உன்னைய அம்புட்டுத் தெரியும் வினோ? நீ எதுக்கும் நிக்க மாட்ட. விபத்துன்னா நிப்பன்னு நான்தான் சொன்னேன். சும்மா விபத்துன்னு சொன்னா பொன்னுத்தங்கத்துக்குப் போன் போட்டு விசாரிச்சாலும் விசாரிப்ப. எத்தனை பேருன்னு எண்ணிக்கையோட சொன்னா எதுவும் கேக்க மாட்ட, ஓடிருவ. ஏழுன்னு... ஏழுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

வினோலியா கல்லில் உட்கார்ந்தாள். அந்த ஏழு பேரில் ஒருத்தி கைப்பிள்ளைக்காரி என்று அவள் மனதுக்குள் வைத்திருந்தாள். ஏன் என்று தெரியாது, அப்படி ஒரு முகம் வந்து நின்றுவிட்டது. அவளுக்காகத் தனியாகக் கேட்பாள்.

"ஆறு மாசமா அவுகளுக்காக ஜெபம் பண்ணுதேன்டி. பேரு தெரியலியே ஆண்டவரே, ஆம்பளையா பொம்பளையான்னு தெரியலியே, உமக்குத் தெரியுமேன்னு. எம் புருசன் ஆமென் சொல்லுதாரு. நோம்பு வச்சுக்கிட்டு நானும் துஆ கேக்குறேன்னியே, யாருக்குடி கேட்ட?"

பைரோஜா அழுதாள். சத்தம் இல்லாமல், முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு. "எனக்கே கேட்டுக்கிட்டேன்" என்றாள். வினோலியாவுக்கு அதைக் கேட்டு இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. கல்லின் மேல், தாளின் மேல், திரையில் டாக்டர் பாண்டிமீனா என்று தெரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். மூன்று தடவை அடித்த பிறகு வினோலியா எடுத்தாள்.

"சிஸ்டர், வெம்பக்கோட்டை ரோட்டுல விபத்து. நாலு பேர். கேஸ் வருது. எங்க இருக்கீங்க? எவ்வளவு சீக்கிரம் வர முடியும்?"

'வாரேன் டாக்டர்' என்கிற இரண்டு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம். அதை விழுங்கிவிட்டு, வேறெதையோ அவள் வாய் கேட்டது.

"எந்தக் கம்பெனி டாக்டர்?"

"என்ன?"

"எந்தக் கம்பெனின்னு கேட்டேன்."

பெத்தணன் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பைரோஜா வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு அசையாமல் நின்றாள். எந்த ஊர், எந்த ரோடு, எந்தக் கல்லில் வினோலியா உட்கார்ந்திருக்கிறாள் என்பது இப்போது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சிஸ்டர்" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "இது நிஜம்."

அதற்குப் பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. பொன்னுத்தங்கம் யாரையோ "வெலகு, வெலகு" என்று கத்துவது கேட்டது. ஒரு பெண் ஓலமிட்டாள். அந்த ஓலத்தை வினோலியாவுக்குத் தெரியும். அதைப் பொய்யாக யாராலும் போட முடியாது.

"வாரேன்" என்றாள். டாக்டர் என்று சொல்லவில்லை.

பெத்தணன் ரோட்டுக்கு ஓடி, ராஜபாளையத்துக்கு எலுமிச்சை லோடு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணாச்சி, இவுகளப் பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடுங்க, ஆசுபத்திரி அவசரம்!" வினோலியா சைக்கிளைப் பூட்டினாள். சாவியை உருவினாள். போன தடவை சைக்கிளைப் பார்த்துக்கொண்ட கை இந்தத் தடவையும் நீண்டது.

"சாவியக் குடு வினோ. நான் எப்படியாவது கொண்டாந்து வீட்டுல சேத்துருதேன். உசுருதான முக்கியம், நீ ஓடு" என்றாள் பைரோஜா. ஆறு மாசத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொல்கிறோம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வினோலியா பெத்தணனைப் பார்த்தாள். அந்த மனுஷனைத் தெரிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி, இது உங்ககிட்ட இருக்கட்டும். நான் வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சாவியை அவர் கையில் வைத்தாள்.

அவர் பைரோஜாவையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். தாளை யாரும் எடுக்கவில்லை. அது கல்லின் மேல் காற்றில் படபடத்துக்கொண்டு கிடந்தது.

வண்டி கிளம்பியது. டிரைவர் வேகமாகத்தான் ஓட்டினார். நீலக் கோடு போட்டிருந்த ரோடு முடிந்து, வண்டி சிவப்புக் கோட்டில் ஏறியது. லாரிகள், பஸ்கள், ஹாரன். ஏறவே கூடாது என்று அவள் எழுதிவைத்த பெரிய ரோடு. கேஸ் வருகிறது என்று தெரிந்தால், வார்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அத்தனை பேருக்காகவும் ஜெபித்து முடித்துவிடுவது வினோலியாவின் வழக்கம். எத்தனை பேர் என்று முதலில் சொல்லுவாள், அப்புறம் மற்றதெல்லாம். கண்ணை மூடினாள். நாலு பேர் என்று தொடங்க வேண்டும். அந்த ஓலத்தைக் காதால் கேட்டிருக்கிறாள், இருந்தும் அந்த எண் வாயில் வரவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தாள்.

"நான் போயி கண்ணால பாத்துட்டு எண்ணிச் சொல்லுதேன் ஆண்டவரே" என்றாள்.